கம்போ வைத்தியமும் புற்றுநோயும்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரான நாராவில், தோதாய்ஜி என்னும் பெரிய பௌத்த ஆலயத்தை அடுத்து, உயர்ந்த தூண்களின்மேல் மரத்தாலேயே கட்டப்பெற்ற பண்டசாலை ஒன்று உண்டு. ஷோசோயின் என்பது அதன் பெயர். கி.பி. 756ஆம் ஆண்டில் ஷோமு சக்கரவர்த்தி காலமானபோது, அவருடைய தேவியார் கோம்யோ, நாற்பத்தொன்பதாம் நாளன்று, கணவர் கையாண்ட பொருள்களோடு 60 வகை மருந்துச் சரக்குகளையும் 21 பெட்டிகளில் இட்டு ஆலயத்துப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். பூட்டி வைத்துப் போற்றுவதற்காக அளித்த காணிக்கை அன்று அது. நோயால் வருந்துவோர்க்குத் தேவைப்படின், சங்கத் தலைவர்களின் இசைவோடு எடுத்து வழங்கலாம் என்று சாசனத்திலேயே எழுதி வைத்தார் அந்த அம்மையார்.

அச்சரக்குகளில் ஒரு பகுதி இன்றும் மிஞ்சியிருக்கிறது. 1948 முதல் சில ஆண்டுகள் அசாஹினா யசுஹிகோ என்னும் அறிஞரின் தலைமையில் ஒரு குழு அவற்றை ஆராய்ந்து, 1955இல் முடிவுகளை நூலாக வெளியிட்டது. கோம்யோ தேவியின் பட்டியலைப் பார்க்கும் நம்மவர் எவருக்கும் ஒரு கணம் வியப்புத் தோன்றும். சீனத்து ஜின்செங், ரேவல்சின்னி முதலியவற்றின் நடுவே மிளகும் திப்பிலியும் கடுக்காயும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. கடுக்காய்க்கு அங்கே வழங்கும் 'கரிரோகு' என்ற பெயர், ஹரீதகீ என்ற வடசொல்லோடு உறவுடையது. சரக்கு கடல் கடந்தபோது பெயரும் சீனத்தின் வழியே தேய்ந்து தேய்ந்து உடன் சென்றிருக்கிறது.

இவ்வாறு சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் சென்று, ஜப்பானிய மண்ணில் வேரூன்றித் தனக்கென ஓர் உருவம் பெற்ற மருந்து முறையே கம்போ. 'ஹான் நாட்டு முறை' என்பது அச்சொல்லின் பொருள். ஹான் என்றது சீனத்தை. வேடிக்கை என்னவெனில், ஆயிரம் ஆண்டு பழகிய வைத்தியத்துக்கு இப்பெயர் வந்தது மிகப் பிற்காலத்திலேதான். டச்சு வணிகர் வழியே ஐரோப்பிய வைத்தியம் புகுந்த பிறகு, 'ரம்போ' எனப்பெற்ற அப்புதுமுறையினின்று வேறுபடுத்திச் சொல்லவேண்டிய தேவை ஏற்பட்டது. அதுகாறும் வைத்தியம் என்றாலே அது ஒன்றுதானே!

கம்போ மருந்து பெரும்பாலும் ஒற்றை மூலிகையாக இராது. பல சரக்குகளை இன்ன அளவு என்று கூட்டிக் காய்ச்சிய கஷாயமே அதன் இயல்பு. நோயின் பெயரைக் கேட்டு மருந்து தருவதும் அதன் மரபன்று. நோயாளியின் உடல்வாகு, நாடி, நாக்கு, வயிற்றின் இறுக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, 'ஷோ' என்னும் ஒரு நிலையைத் தீர்மானித்து, அந்நிலைக்குரிய கஷாயத்தைக் கொடுப்பார்கள். ஒரே நோய்க்கு இருவர் இருவேறு மருந்து பெறுவதுண்டு. இருவேறு நோய்க்கு ஒரே மருந்து பெறுவதும் உண்டு. இந்த 'ஷோ' என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு நோயின் பெயர்களைப் பார்த்தவுடன் சற்றே நின்று பார்க்கத் தோன்றும். இலத்தீன் மொழியார் இந்நோயில் நண்டைக் கண்டார்கள். நாம் கறையான் புற்றைக் கண்டோம். ஜப்பானியரோ பாறையைக் கண்டார்கள். மார்பில் தோன்றும் புற்றை அவர்கள் 'ந்யூகன்' என்றனர். மார்பிலே விளைந்த பாறை என்று பொருள். இன்றும் அவர்கள் புற்றுநோய்க்கு எழுதும் எழுத்தினுள்ளே பாறையின் வடிவம் அடங்கியிருக்கிறது. தொட்டுப் பார்த்த கை வைத்த பெயர் அது.

அந்தப் பாறையை அறுத்தெடுக்கத் துணிந்தவர் ஹனவோகா செய்ஷு. 1760இல் கீ நாட்டு ஹிராயாமா கிராமத்தில் வைத்தியர் வீட்டில் பிறந்தவர். கியோத்தோ நகரில் கம்போவையும் டச்சு முறை ரண சிகிச்சையையும் ஒருங்கே கற்று 1785இல் ஊர் திரும்பியவர். மயக்கமின்றி மார்பை அறுத்தால் நோயாளி தாங்கமாட்டார் என்பதை உணர்ந்து, மயக்க மருந்து ஒன்றைத் தேடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அவர் கண்ட கஷாயத்தின் தலையாய சரக்குகள் இரண்டு: ஒன்று ஊமத்தை, மற்றொன்று நம் வச்சநாபியின் இனத்தைச் சேர்ந்த நஞ்சுவேர். அவருடைய தாயும் மனைவியும் அம்மருந்தைத் தம்மீது சோதித்துப் பார்க்க முன்வந்தனர் என்றும், மனைவி கண்ணொளி இழந்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அரியோஷி சவாகோ என்னும் எழுத்தாளர் 1966இல் இதை நாவலாக்கிய பிறகு அந்த இரு பெண்மணிகளின் கதை ஜப்பானெங்கும் பரவிற்று.

1804ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், கான் என்னும் 60 வயது மூதாட்டிக்கு அக்கஷாயத்தைக் கொடுத்து, உணர்விழந்த நிலையில் அவர் மார்பிலிருந்த கட்டியை ஹனவோகா அகற்றினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியைக் கொண்டு பலரறிய ரண சிகிச்சை செய்தது 1846இல்தான். இது அதற்கு 42 ஆண்டுகள் முந்தியது. அந்த மூதாட்டி அறுவையைத் தாங்கினார். ஆனால் ஐந்து மாதம் நிறையுமுன் இறந்துபோனார். ஹனவோகா சோர்ந்துவிடவில்லை. அவர் தம் வாழ்நாளில் நூற்றைம்பது பேருக்கு மேல் மார்புப் புற்றுக்கு அறுவை செய்ததைப் பெயர்ப் பட்டியலே காட்டுகிறது. கம்போ வைத்தியர் எனப் பெயர் பெற்ற இவர், பாறையைக் கஷாயத்தால் கரைக்க முடியும் என்று எண்ணவில்லை. கஷாயத்தை அறுவைக்குத் துணையாக்கினார். இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வது காரணத்தோடுதான்.

மெய்ஜி காலத்தில் கம்போவுக்கு இறங்குமுகம் வந்தது. ஜெர்மானிய வைத்தியமே நாட்டின் வைத்தியம் என்று அரசாங்கம் தீர்மானித்தது. மேலைநாட்டுப் பாடங்களில் தேறியவரே வைத்தியராகலாம் என்று 1883இல் விதி பிறந்தது. பழைய வைத்தியர்கள் தம் ஆயுள் வரை தொழில் நடத்தலாம், வாரிசுக்கு இடமில்லை. அவர்களுடைய முறையீடு 1895இல் பார்லிமெண்டில் வாக்கெடுப்புக்கு வந்து, 105க்கு 78 என்ற கணக்கில் தோற்றது. இருபத்தேழு வாக்கில் ஓர் ஆயிரமாண்டு மரபு சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றது.

அதற்கு ஐந்தாண்டு முன்னதாக, 1890இல், பெர்லின் நகரில் கோக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் கிதஸாதோ ஷிபாஸபுரோ என்ற ஜப்பானிய இளைஞரும், பேரிங் என்ற ஜெர்மானியரும் ஒரு புதிய உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டனர். தடுப்பாற்றல் பெற்ற பிராணியின் இரத்த நீரில், டிப்தீரியா, இழுப்புநோய் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்பதே அது. உடல் தன்னைத் தான் காத்துக்கொள்ளும் முறையை ஆராயும் சாஸ்திரம் அங்கே நன்றாகக் கால் ஊன்றியது. 1901இல் முதல் நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டும் கிடைத்தது வேறு கதை. கிதஸாதோ 1914இல் தம் பெயரால் ஒரு ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 2024 முதல் வழங்கும் ஆயிரம் யென் நோட்டில் இருப்பது அவருடைய உருவமே. இவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கைவிட்ட கம்போவைத் திரும்ப எடுத்தவர்கள், விந்தையாக, மேலைநாட்டு வைத்தியம் கற்ற சிலரே. யுமோதோ க்யூஷின் அவர்களுள் ஒருவர். கொள்ளைநோயாக வந்த சீதபேதிக்குத் தம் மூத்த மகளைப் பறிகொடுத்து, தாம் கற்ற வைத்தியம் கைகொடுக்கவில்லையே என்று மனமுடைந்து பழைய ஏடுகளின்பால் திரும்பியவர் அவர். 1927 முதல் வெளிவந்த அவருடைய பெருநூல் பலரை ஈர்த்தது. அவரிடம் கற்ற ஒட்ஸுகா கெய்ஸெட்ஸு, 1972இல் கீழைநாட்டு மருத்துவத்துக்கென ஒரு பெரிய ஆய்வகம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். அவ்வாய்வகம் அமைந்தது கிதஸாதோவின் நிலையத்தினுள்ளே! எதிர்ப்பாற்றல் சாஸ்திரத்தின் மூலவர் ஒருவர் எழுப்பிய கூரையின் கீழ்ப் பழங்கஷாயம் புகுந்தது. 1976இல் கம்போ மருந்துகள் பெருமளவில் நாட்டின் மருத்துவக் காப்பீட்டில் இடம்பெற்றன. இப்போது அவ்வாறு இடம்பெறுபவை 148. கஷாயத்தைக் காய்ச்சி வற்றவைத்துப் பொடியாக்கிச் சிறு பொட்டலங்களில் தருகிறார்கள். நம் நாட்டில் ஆயுர்வேதத்துக்கும் சித்த வைத்தியத்துக்கும் தனிக் கல்லூரி, தனிப் பட்டம் உண்டு. அங்கே அப்படியில்லை, வைத்தியப் பட்டம் ஒன்றே. அந்த ஒருவரே ஊசியும் போடுவார், கஷாயப் பொடியும் எழுதுவார்.

இனி வினா எழுந்தது: புற்றுநோயில் இக்கஷாயங்களால் ஆவதென்ன?

ஆராய்ச்சியாளரின் கண் முதலிற் சென்றது 'ஜூஸென் தைஹோ தோ' என்னும் கஷாயத்தின் மேல். 'பத்தும் நிறைந்த பெரும் ஊட்டக் கஷாயம்' என்று பெயர்க்கலாம். சீனத்தில் சோங் அரசர் காலத்து மருந்து நூல் ஒன்றில் உள்ளது; பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உடலின் சக்தியைப் பெருக்குவதென்று நான்கு சரக்கு, இரத்தத்தைப் பெருக்குவதென்று நான்கு சரக்கு, இவற்றோடு அஸ்ட்ரகாலஸ் வேரும் இலவங்கப்பட்டையும் சேரும். ஜின்செங்கும் அதிமதுரமும் முதல் நான்கில் அடக்கம். நெடுநோயால் மெலிந்தவர், இரத்தம் குன்றியவர், பசியற்றவர் ஆகியோர்க்கு உரியதென்பது பழைய நூலார் கருத்து.

இதைச் சோதித்தவர்களுள் தோயாமா நகரத்து ஆய்வாளர் குறிப்பிடத்தக்கவர். தோயாமா மருந்துக்குப் பேர்போன ஊர். அவ்வூர் வியாபாரிகள் எடோ காலம் முதல் வீடுவீடாகச் சென்று மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு வருவார்கள். மறுமுறை வரும்போது செலவான மருந்துக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்வார்கள். கடனாகவே நம்பிக்கையை விற்ற அவ்வூரின் பல்கலைக்கழகத்திலிருந்து, ஸாய்கி இகுவோவின் குழு 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சுண்டெலிகளுக்கு ஏழு நாள் இக்கஷாயத்தை வாய்வழியே கொடுத்தார்கள். பிறகு பெருங்குடற் புற்றணுக்களைக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். கஷாயம் பெறாத எலிகளைவிடப் பெற்றவற்றின் கல்லீரலில் கட்டிகள் குறைவாக இருந்தன. அவை கூடுதல் நாள் உயிரோடும் இருந்தன.

இதோடு நின்றிருந்தால் வழக்கமான மூலிகைப் புகழுரையாகப் போயிருக்கும். அடுத்து அவர்கள் கேட்ட கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது: இதைச் செய்தது யார்? நம் உடலில் நோயை எதிர்க்கும் காவற்படை ஒன்றன்று, பலவகை. மாக்ரோபாஜ் எனப்படும் பெருவிழுங்கு அணுக்கள் வேண்டாதவற்றை விழுங்கிச் செரிப்பவை. தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும் டி அணுக்கள், பகையை இனம் கண்டு தாக்குபவை. 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்று மூன்றாவது ஒரு படையும் உண்டு. ஆய்வாளர் ஒவ்வொரு படையாக நீக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது படையை நீக்கியபோது கஷாயத்தின் பயன் குறையவில்லை. விழுங்கு அணுக்களை நீக்கியபோது பயன் மறைந்தது. பிறவியிலேயே தைமஸ் அற்று, அதனால் டி அணுக்களும் அற்ற எலிகளிலும் பயன் காணப்படவில்லை. ஆகவே அவ்வெலிகளைக் காத்தது, விழுங்கு அணுக்களையும் டி அணுக்களையும் தூண்டும் வேலை என்று கொள்ள இடமுண்டு. புற்றை நேரே கொல்லும் நஞ்சாக அக்கஷாயம் நடக்கவில்லை.

அழகிய சோதனைதான், ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எலிக்குப் புற்று வரும் நாள் ஆய்வாளருக்குத் தெரியும். அதற்கு ஏழு நாள் முன்பே மருந்தைத் தொடங்க அவர்களால் முடிந்தது. மனிதருக்கோ நோய் வந்து பல ஆண்டு கழிந்த பின்னரே வந்திருப்பது தெரிகிறது. எலியின் கல்லீரலிலிருந்து மனிதரின் மருத்துவமனைக் கட்டிலுக்கு உள்ள தூரம், தோயாமாவுக்கும் நம் ஊருக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

காளான்களின் கதையும் இதனோடு சேர்ந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் விரும்பி உண்ணும் ஷீதாகே காளானிலிருந்து சிஹாரா கோரோ என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த லென்டினான் என்னும் பொருள், எலிகளின் கட்டியைக் கரைப்பதாக 1969இல் வெளியாயிற்று. பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட எலியில் அது வேலை செய்யவில்லை. 1985இல் இரைப்பைப் புற்றுக்குத் துணைமருந்தாக அனுமதி பெற்றது. மற்றொரு காளானிலிருந்து கிடைத்த க்ரெஸ்டின் 1977இல் வந்து, வெகுவிரைவில் நாடெங்கும் பெருவிற்பனை கண்டது. 1989இல் அரசாங்கம் மறுபரிசீலனை செய்து, மற்றப் புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்தே கொடுக்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில புற்றுகளுக்கே என்று எல்லை கட்டியது. பின்னர் இரண்டுமே சந்தையிலிருந்து விடைபெற்றன.

இப்போது இந்த வரலாற்றின் வருத்தமான பகுதிக்கு வருகிறேன். 'ஷோ ஸைகோ தோ' என்பது ஏழு சரக்குக் கஷாயம். இஞ்சி, இலந்தை, அதிமதுரம், ஜின்செங் ஆகியவை அதில் உண்டு. ஷாங்ஹான் லுன் என்னும் மிகப் பழைய சீன நூலிலேயே காணப்படுவது. நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்கு இது நல்லது, எதிர்ப்பாற்றலைச் சீர்செய்வது என்ற எண்ணம் பரவி, எண்ணற்ற நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. கல்லீரல் இறுகிய நோயாளிகளுக்குப் பின்னால் புற்று வருவதைத் தடுக்குமா என்று ஒஸாகா நகரத்து மருத்துவர்கள் 260 பேரை இரு பிரிவாக்கி ஐந்தாண்டு கவனித்து 1995இல் முடிவு கூறினர். கஷாயம் பெற்றவரிடையே புற்று குறைவாகத் தோன்றியது உண்மை. ஆனால் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது தற்செயலன்று என்று உறுதிகூறும் எல்லையை அவ்வேறுபாடு எட்டவில்லை. ஒரு பகுதியினரிடையே மட்டும் அது எட்டியது.

அடுத்த ஆண்டே, 1996 மார்ச்சில், ஜப்பானிய சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விடுத்தது. இம்மருந்தை உண்டவர்களில் 88 பேருக்கு நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் வீங்கித் தடித்து மூச்சு முட்டும் கொடிய அழற்சி நேர்ந்ததாகவும், அவர்களில் 10 பேர் இறந்ததாகவும் அறிவித்தது. இன்டர்பெரான் என்னும் மருந்தோடு இதைக் கொடுக்கலாகாது என்று முன்னரே 1994இல் தடை வந்திருந்தது. சில ஆண்டுகளில், கல்லீரல் இறுகியவர்க்கும் கல்லீரற் புற்று உள்ளவர்க்கும் கொடுக்கலாகாது என்ற விதியும் வந்தது. எந்த நோயாளிகளைக் காக்கும் என்று ஐந்தாண்டு சோதித்தார்களோ, அவர்களுக்கே அது விலக்கப்பட்ட மருந்தாயிற்று.

கம்போ முதியோர் அப்போது கூறிய குறை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 'ஷோ' பாராமல், கல்லீரல் நோய் என்ற பெயரை மட்டும் பார்த்து எல்லார்க்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுத்ததன் விளைவு இது என்றனர். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது முழு நியாயமாகுமா என்பதில் எனக்கு ஐயமே. உடலின் காவற்படையைத் தட்டியெழுப்பும் ஆற்றல் ஒரு மருந்துக்கு உண்டானால், எழுந்த படை வீட்டாரையே தாக்கவும் கூடும். நாடி பார்த்துக் கொடுத்தாலும் அந்த வாய்ப்பை முற்றும் ஒழிக்க இயலாது. கியோத்தோவின் ஹோஞ்சோ தஸுகு 1992இல் கண்டறிந்து 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற பிடி-1 என்னும் கடிவாளத்தை அவிழ்க்கும் புதிய புற்றுநோய் மருந்துகளும், சிலருக்கு இதே நுரையீரல் அழற்சியை உண்டாக்குவது தெரிந்ததே. பழைய மருந்தோ புதிய மருந்தோ, எதிர்ப்பாற்றல் என்ற வாளுக்கு இரு பக்கமும் கூர்.

டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் வீடுகளில் ஊரிலிருந்து வரும் பொட்டலங்கள் பல உண்டு: சுக்கு, கடுக்காய், அதிமதுரம், யாரோ ஒரு வைத்தியர் தந்த சூரணம். வீட்டில் ஒருவருக்குப் புற்று என்று தெரிந்தால் பொட்டலங்களின் வரவு பெருகும். அன்பினால் வருவதை வேண்டாமென்று எவரால் சொல்ல முடியும்? ஆனால் மருத்துவமனை மருத்துவருக்கு அதைப் பற்றி ஒரு சொல்லும் எட்டுவதில்லை. அதிமதுரத்தை அளவு மீறி நாட்பட உண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும் என்பது கம்போ மருத்துவர் எல்லாரும் அறிந்த பாலபாடம். ஜப்பானில் ஒரே மருத்துவர் இரண்டையும் எழுதுவதால், இரண்டும் ஒரே தாளில் பதிவாகின்றன. நம் வீட்டில் ஒன்று மருத்துவமனைத் தாளில் இருக்கிறது. மற்றொன்று அடுக்களை அலமாரியில் இருக்கிறது.

இன்று ஜப்பானியப் புற்றுநோய் மருத்துவமனைகளில் கம்போ பெரும்பாலும் கட்டியைத் தாக்குவதற்காகக் கொடுக்கப்படுவதில்லை. கடும் மருந்துகளால் பசி போனவர்க்குப் பசி, அயர்ந்தவர்க்குச் சற்றுத் தெம்பு, வாய்ப்புண்ணுக்கு ஆறுதல் என்பவையே அதன் பணி. 'ரிக்குன்ஷி தோ' என்னும் கஷாயம், சிஸ்பிளாட்டின் மருந்தால் உணவை வெறுத்த எலிகளில், பசியைத் தூண்டும் க்ரெலின் என்னும் சுரப்பை உயர்த்துவதை 2008இல் எடுத்துக்காட்டினார்கள். ஹனவோகா அறுவைக்குத் துணையாகக் கஷாயத்தை வைத்தாரே, ஏறத்தாழ அதே இடம்.

அத்துணைப் பணியையும் அவர்கள் சோதிக்காமல் விடுவதில்லை. 'கோஷா ஜின்கி கன்' என்பது அந்த நஞ்சுவேரையும் பக்குவப்படுத்திச் சேர்த்த ஒரு கூட்டு மருந்து. பெருங்குடற் புற்றுக்குத் தரும் ஆக்ஸாலிபிளாட்டினால் கைகால் மரத்துப்போவதை இது தடுக்கும் என்று பலர் நம்பி வழங்கிவந்தனர். பெருஞ்சோதனை ஒன்று தொடங்கினார்கள். பாதியினர்க்கு மெய்ம்மருந்து, பாதியினர்க்கு அதே தோற்றமுடைய வெறும் பொடி. எவர்க்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இடைக்காலக் கணக்கெடுத்தபோது, மருந்து உண்டவரில் 50.6 சதவிகிதத்தினர்க்கு மரப்பு தொல்லை தரும் அளவுக்கு முற்றியிருந்தது. வெறும் பொடி உண்டவரில் 31.2 சதவிகிதத்தினர்க்கே அவ்வாறு இருந்தது. சோதனையை அந்த இடத்திலேயே நிறுத்தி, முடிவை 2015இல் மறைக்காமல் அச்சிட்டார்கள். அச்சிட்டவர்கள் கம்போவின் பகைவர் அல்லர்; அதை நாள்தோறும் நோயாளிகளுக்கு எழுதிக்கொடுத்துவந்த மருத்துவர்களே.